அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மெசலமைன் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் ஆபத்தா?

நான் டாக்டர் இல்லை. இந்தப் பெருங்குடல் புண்ணோடு ஒன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன். கேட்டதால் சொல்கிறேன்: எனக்கு மெசலமைனைவிட மூட்டுவலி மாத்திரையிடம்தான் பயம்.

இரண்டையுமே கடையில் 'வீக்கத்துக்கு' என்றுதான் சொல்வார்கள். அங்கேதான் வம்பே. மூன்றாவது வருஷம், மலத்தில் ரத்தம் போவது நின்று, வெளியே கல்யாணச் சாப்பாடு சாப்பிடும் அளவுக்குத் தேறியிருந்தேன். வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கியது. மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை வாங்கிப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை டாய்லெட் முழுக்கச் சிவப்பு. "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இந்த நோயைக் கிளப்பி விடலாம். வலின்னா பாரசிட்டமால் போடுங்க, கேக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

அடங்குவதற்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டது. பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 குறைத்து இரண்டு மாசம். முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. பத்தே நாளில் ரத்தம் நின்றதும் தூக்கிப் போடலாம் என்று கை துறுதுறுத்தது. அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் படுத்திருக்கும், எழுந்திருக்க அவகாசம் வேண்டும்.

இனி மெசலமைன். நான் போடுவது தினம் 2.4 கிராம். முழுங்கக் கஷ்டமாக இருக்கிறதென்று அம்மா பொடித்துத் தேனில் குழைத்துத் தரப் பார்த்தார். கூடாது. மருந்து வயிற்றிலேயே கரைந்துவிடாமல் பெருங்குடல் பக்கம் போய்ச் சேரத்தான் அந்த மேல்பூச்சு. புண் கீழ்ப்பகுதியில் மட்டும் என்றால் ஆசனவாயில் வைக்கும் மருந்தே நன்றாகக் கேட்கும், கூச்சப்படாதீர்கள்.

அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும், அதுவும் வெளியே தெரியாமல். ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது பாருங்கள், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது. ஆரம்பித்த சில வாரங்களில் காய்ச்சலும் ரத்தப்போக்கும் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களாக டோஸை ஏற்றாதீர்கள். சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் அப்படிச் செய்யும். உடனே டாக்டரிடம் போங்கள். மெசலமைனுக்குப் பதில் அதே வகையைச் சேர்ந்த சல்ஃபாசலசைன் கொடுத்திருந்தால் சல்ஃபா அலர்ஜி உண்டா என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவார்கள்.

நன்றாக இருக்கிறோமே என்று நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நன்றாக இருப்பதே பல சமயம் மாத்திரையால்தான்.

என் பர்ஸில் நோயின் பெயரும் 'வலி மாத்திரை கூடாது' என்றும் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கிறது. போன மாசம் பல் பிடுங்கப் போன இடத்தில் ஏசிக்ளோஃபெனாக் எழுதினார்கள். சீட்டை நீட்டினேன். பேசாமல் அடித்துவிட்டுப் பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார் பல் டாக்டர்.