ஹார்மோன் ரிப்போர்ட் இருந்தால் பெண்கள் பிரிவில் ஓடலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். திருநங்கை, வயது 22. பள்ளியில் ஆண்கள் பிரிவில் 400 மீட்டர் ஓடியிருக்கிறேன். இரண்டு வருடமாக ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். கலெக்டர் கொடுத்த அடையாளச் சான்றிதழும் இருக்கிறது. மாநிலத் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட முடியுமா? 20,000 ரூபாய் கொடுத்தால் 'ஹார்மோன் ஃபிட்னஸ் சான்றிதழ்' வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், தங்கை. அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. அதை யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் எந்த தடகளச் சங்கத்திலும் செல்லாது.

கலெக்டர் தந்த சான்றிதழ் 2019-ஆம் ஆண்டுத் திருநங்கையர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியானது. ஆதார், ரேஷன் கார்டு, திருநங்கையர் நல வாரிய உதவி இவற்றில் பெயரும் பாலினமும் மாற்ற அது போதும். போட்டியில் எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது விளையாட்டுச் சம்மேளனம். உலகத் தடகளச் சம்மேளனத்தில் முன்பு ஒரு விதி இருந்தது: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 12 மாதம் லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே வைத்திருந்தால் திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓடலாம். 2023 மார்ச் 31 முதல் அது இல்லை. ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கையருக்கு, உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டிகளில், பெண்கள் பிரிவில் இடமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல், வழக்கமாக ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய் மரபணுவுக்கான பரிசோதனையும் வந்துவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள்; வாழ்நாளில் ஒரு முறைதான். மாத்திரை சாப்பிட்டு அந்த முடிவை மாற்ற முடியாது.

புரோக்கர்கள் பிழைப்பதே செத்துப்போன அந்தப் பழைய விதியை வைத்துத்தான். கூடவே ஒரு தில்லுமுல்லும் நடக்கும். பிறவியிலேயே பாலின வளர்ச்சி வேறுபாடு உள்ள பெண்களுக்காக 2023-இல் வைத்த 2.5 நானோமோல் வரம்பைச் சொல்லி, 2.1 என்று அச்சான ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம், சில இடங்களில் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று போடுவார்கள். மில்லிலிட்டருக்கு 2.1 நானோகிராம் என்றால் லிட்டருக்கு 7.3 நானோமோல். வரம்புக்குக் கீழே இல்லை, அதைப் போல மூன்று மடங்கு. 2.5 நானோமோல் என்பது டெசிலிட்டருக்கு 72 நானோகிராம். அந்த வரம்பே உங்களுக்கானது இல்லை என்பது வேறு விஷயம்.

ஏன் இப்படி ஒரு விதி என்று நீங்கள் கேட்பது நியாயம். சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசை அப்படி இறங்காது; ஒரு வருடத்தில் சுமார் 5 சதவீதம்தான் குறைகிறது. எலும்பின் நீளம் மாறவே மாறாது. அமெரிக்க விமானப்படையினரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடச் சிகிச்சைக்குப் பிறகும் திருநங்கையர் ஓட்டத்தில் மற்ற பெண்களைவிட 12 சதவீதம் முன்னால் இருந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற வீராங்கனைகள் அல்ல, உண்மைதான். ஆனாலும் பக்கத்து லேனில் ஓடும் பெண்ணின் கவலையைப் பொய் என்று தள்ள முடியாது. பெண்கள் பிரிவில் இடமில்லை என்று எழுதியவர்கள், பிறகு எங்கே ஓடுவது என்பதற்கு நல்ல பதில் தரவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான். ஆண்கள் பிரிவில் ஓடலாம் என்பது விதிப்படி சரி. இத்தனை பாடுபட்டு மாறி வந்த ஒருவரிடம் அதை மட்டும் பதிலாகச் சொல்வது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

ஆண்கள் பிரிவில் ஓடினாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. உங்கள் மாத்திரைகளில் ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறதா என்று இன்றே அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆல்டாக்டோன் என்ற பெயரிலும் வரும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தடை செய்யப்பட்டதல்ல. ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீர் பெருக்கி என்பதால் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, போட்டி இல்லாத நாட்களிலும் தடைதான். சிகிச்சைக்காகச் சாப்பிட்டேன் என்று பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் 'சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு' கேட்டு, போட்டிக்கு 30 நாள் முன்பாவது விண்ணப்பம் போக வேண்டும். நோய்க்குறிப்பு, மருந்தளவு, தொடங்கிய தேதி, ரத்தப் பரிசோதனைகள், மருத்துவரின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடுபவருக்கு இதில் எதுவுமே இருக்காது. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் ஹார்மோன் சிகிச்சைக்கான எண்டோகிரைனாலஜி பிரிவு இருக்கிறது. அங்கே பதிவு செய்து, சீட்டை முறைப்படுத்துங்கள். ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். நம் ஊர் வெயிலில் ஓடி வியர்வை கொட்டும் உடம்புக்கு அதைக் கண்காணிக்காமல் விடக் கூடாது.

"புதுச்சேரி முகவரியில் பதிந்தால் கேட்க மாட்டார்கள்" என்று அந்தப் புரோக்கர் அடுத்து சொல்வார். இரண்டு ஊர்ச் சங்கங்களும் இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் கீழ்தான். முகவரியை மாற்றி எழுதினால் உங்கள் பெயரில்தான் வழக்கு வரும், அவர் பெயரில் வராது.

மாவட்ட மீட், ஊர் மாரத்தான் போன்றவை பெரும்பாலும் உலகத் தரவரிசைக்குள் வராதவை. அங்கே அமைப்பாளர் முடிவுதான். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள். நீங்கள் ஓட நினைக்கும் போட்டி தரவரிசைக்குள் வருமா, எந்த விதி, எந்தத் தேதியிட்டது, மறுத்தால் காரணத்தை யார் எழுதித் தருவார்கள் என்று சங்கச் செயலாளருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் போட்டி என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலரைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

துணியைக் கழற்றிக் காட்டச் சொல்ல எந்த அதிகாரிக்கும், எந்தப் பயிற்சியாளருக்கும் உரிமை இல்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் தமிழக ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் பாலினப் பரிசோதனை முடிவு அவருக்குச் சரியாக விளக்கப்படும் முன்பே ஊடகங்களில் ஓடியது. ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தப் போட்டிக்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.