வாசகர் கேள்வி – பதில்: கேட்டால் கிடைக்கும் பதிலும், பார்த்தால் தெரியும் குறையும்

கேள்வி: நான் ஒரு சிறிய நூலகத்தின் பொறுப்பாளர். இளைஞர்கள் வருவது குறைந்ததால் கருத்துப் படிவம் கொடுத்தோம். ‘புதிய புத்தகங்கள் வேண்டும்’ என்று பலரும் எழுதினார்கள். வாங்கி வைத்த பிறகும் வரவு கூடவில்லை. ‘டிசைன் திங்கிங்’ முறை இதற்கு உதவும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படிவத்தை நிரப்பியவர்கள் பொய் சொல்லவில்லை. நூலகம் என்றதும் புத்தகம்தான் நினைவுக்கு வரும் என்பதால், குறை என்ன என்று கேட்டபோதும் அதையே எழுதியிருக்கிறார்கள். டிசைன் திங்கிங், அதாவது வடிவமைப்புச் சிந்தனை, இந்த இடத்தில்தான் வேறு வழியில் போகிறது. மக்களின் நிலையை அவர்கள் இருக்கும் இடத்திலேயே சென்று உணர்வது, பிரச்சினை இன்னதென்று வரையறுப்பது, யோசனைகளைத் திரட்டுவது, மலிவான முன்மாதிரி ஒன்றைச் செய்வது, அதை அவர்கள் கையிலேயே கொடுத்துச் சோதிப்பது என்று ஐந்து படிகளாக இதைக் கற்பிக்கிறார்கள். இவற்றில் இரண்டாவது படிதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. பிரச்சினையைத் தவறாக வரையறுத்துவிட்டால், பின்னால் எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்பு உரியவரைச் சென்று சேராது.

2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரைக் குறைந்த செலவில் உருவாக்கும் பணி தரப்பட்டது. அவர்களில் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது, நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகவே இருந்தன. குழந்தைகள் பிறந்ததோ தொலைவிலிருந்த கிராமத்து வீடுகளில். மருத்துவமனை வரை வர அவர்களுக்கு வழியில்லை. ஆகவே ‘மலிவான இன்குபேட்டர்’ என்ற கேள்வியையே கைவிட்டு, ‘மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு தாய் தன் குழந்தையின் உடல் சூட்டை எப்படிக் காப்பது?’ என்று கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் உருகிய மெழுகுப் பொதியின் சூட்டில் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் ‘எம்பிரேஸ்’ உறை.

அதன் முன்மாதிரியை மகாராஷ்டிரக் கிராமம் ஒன்றில் காட்டியபோது ஒரு தாய் சொன்னது இன்னும் நுட்பமானது. மருத்துவர் ஒரு கரண்டி மருந்து கொடுக்கச் சொன்னால், அது வீரியமாக இருக்குமோ என்று பயந்து தாம் அரைக் கரண்டிதான் கொடுப்பதாகவும், அதைப்போலவே 37 டிகிரி வரை சூடாக்கச் சொன்னால் 30 டிகிரியிலேயே நிறுத்திவிடுவதாகவும் அவர் கூறினார். மெழுகுப் பொதியிலிருந்து எண்கள் நீக்கப்பட்டு, போதிய சூடு வந்துவிட்டதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறி வைக்கப்பட்டது. அக்கறையால் செய்யப்படும் இப்படியொரு செயல் எந்தப் படிவத்திலும் பதிவாகாது.

நீங்களும் வருபவர்களை விட்டுவிட்டு, வராதவர்களிடம் செல்லுங்கள். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்காமல், ‘கடைசியாக நூலகத்துக்கு வந்தது எப்போது, அன்று என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். நூலகம் திறந்திருக்கும் நேரமா, உறுப்பினராவதற்குக் கேட்கும் சான்றுகளா, சேர்ந்து உட்கார்ந்து பேசிப் படிக்க இடமில்லாததா என்பது அவர்கள் சொல்லும் நிகழ்ச்சியிலிருந்தே தெரியவரும்.

கேள்வி: எத்தனை பேரிடம் சோதித்தால் போதும்?

பதில்: ஒரு முன்மாதிரியில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டறிய ஐந்து பேரே பெரும்பாலும் போதும் என்று இணையதளங்களை மக்கள் எளிதாகப் பயன்படுத்த முடிகிறதா என்று ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஆனால், எத்தனை சதவீதம் பேருக்கு அந்தத் தடுமாற்றம் உண்டு என்பதை ஐந்து பேரைக் கொண்டு சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் டிசைன் திங்கிங் பயிலரங்கு நடத்தி, யோசனைகளை எழுதிய வண்ணச் சீட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டினோம். அதன்பின் எதுவும் மாறவில்லை. இது வெறும் மோகம்தானா?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. அறைக்குள் நாமே பேசிக்கொண்டு ஒட்டும் சீட்டுகளில் நம் ஊகங்கள் மட்டுமே இருக்கும். அவை சரியாகவே இருந்தாலும், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அந்த வேலையில் பங்கேற்காவிட்டால் சுவரைத் தாண்டி வெளியே போகமாட்டா.

ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். டோக்கன் எண்ணைக் காட்டும் திரை பெரியதாக, தெளிவாக இருந்தும், காவலாளியிடம் எண் போய்விட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகம் இன்னொரு திரை வாங்க எண்ணியிருந்தது. அருகில் இருந்த மூதாட்டியோ, கழிப்பறைக்குப் போன நேரத்தில் தம்மை அழைத்துவிட்டால் மறுபடி கடைசியில் நிற்க வேண்டிவருமே என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். திரை காட்டிய எண் அந்தப் பயத்தைத் தீர்க்கவில்லை.

பிரிவின் தலைமைச் செவிலியர் உடன் இருந்ததால், எழுந்து போனவர் திரும்பியதும் அடுத்ததாக அழைக்கப்படுவார் என்ற விதியை அன்றே சோதித்துப் பார்க்க முடிந்தது. அட்டை ஒன்றில் அதைக் கையால் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினோம். மூதாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். உண்மைதானா என்று செவிலியரிடம் இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். பிறகு பையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.