எச்சரிக்கை போட்டா மனசு தாங்குமா?

கேள்வி: என் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பெரிய விபத்து. இப்பவும் டிவில வண்டி மோதுற சீன் வந்தா கை நடுங்குது, எழுந்து போயிடுறா. அதனால ஃபேமிலி குரூப்ல எந்த வீடியோ போட்டாலும் மேல 'மனசை பாதிக்கலாம்'னு எழுதிட்டுத்தான் போடுறேன். இது அவளுக்கு உண்மையிலேயே உதவுதா அக்கா?

பதில்: தம்பி, தங்கச்சிக்காக இவ்ளோ யோசிக்கிறீங்களே, அதுவே அவளுக்குப் பெரிய பலம். ஆனா அந்த ஒரு வரி மட்டும் அவ மனசைத் தாங்க வைக்காது. விக்டோரியா பிரிட்ஜ்லாண்ட்னு ஆஸ்திரேலியா ஆராய்ச்சியாளரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 12 ஆய்வுகளை ஒண்ணா வச்சு அலசி 2023-ல வெளியிட்டாங்க. எச்சரிக்கை படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் அந்த விஷயத்தைப் பார்த்தப்போ வந்த வேதனை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பார்க்குறதுக்கு முன்னாடி வர்ற பதட்டம் மட்டும் எச்சரிக்கை படிச்சவங்களுக்கு கூடிடுச்சு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, ஏன்னா 'ஏதோ வருது'ன்னு சொல்றோமே தவிர வந்தா என்ன பண்றதுன்னு சொல்றதில்லையே. எச்சரிக்கை போட்டு மங்கலாக்கின ஃபோட்டோ ஃபோன்ல வந்தாலும், அது மேல கட்டைவிரல் ரெண்டு செகண்ட் நிக்கும், அப்புறம் தட்டித் திறந்துடும், விலகிப் போறவங்க கம்மிதான்.

அதுக்காக எழுதுறதை நிறுத்துங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். 'இன்னைக்கு எனக்கு வேணாம்'னு முடிவு பண்ற உரிமை அவளுக்கு இருக்கணும், அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும். 'மனசை பாதிக்கலாம்'னா என்ன புரியும்? 'ரெண்டாவது நிமிஷத்துல கார் மோதும், சத்தம் அதிகம், ரத்தம் இல்ல'ன்னு எழுதுங்க, அப்போ அவ சத்தத்தை மியூட் பண்ணலாம், தள்ளிவிட்டுப் பார்க்கலாம், இல்ல மூடி வச்சுட்டு நீங்க கூட இருக்கும்போது பார்க்கலாம்.

எனக்கு கவலையா இருக்குறது அந்தக் கை நடுக்கம்தான் தம்பி. ரெண்டு வருஷம் ஆகியும் எழுந்து போறான்னா நல்ல மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ கட்டாயம் பாருங்க. பயப்படுற விஷயத்தை விட்டு ஓடிக்கிட்டே இருந்தா பயம் உள்ளயே வேரூன்றிடும், அதை கொஞ்சம் கொஞ்சமா, பாதுகாப்பா எதிர்கொள்ள வைக்கிற சிகிச்சை இருக்கு, நிறைய பேருக்குப் பலனும் கிடைச்சிருக்கு. ஆனா அதை பயிற்சி எடுத்தவங்கதான் செய்யணும், பழகட்டும்னு நீங்களா வீடியோ காட்டிடாதீங்க.

அடுத்த வீடியோ போடுறதுக்கு முன்னாடி அவகிட்டயே தனியா கேளுங்க, "உனக்கு எதை முன்கூட்டியே சொல்லணும்?"னு. என்ன சொன்னான்னு எனக்கும் எழுதுங்க.