சொல்லாமல் நழுவாதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து மாதம். மூத்தவள் யார் கூப்பிட்டாலும் போவாள். இவன் புது முகத்தைப் பார்த்தாலே என் தோளில் முகம் புதைத்து வீறிடுகிறான். "தூக்கித் தூக்கியே பழக்கிட்டே" என்கிறார் மாமியார். அடுத்த மாதம் பாரிமுனையில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அவன் தூங்கும்போது கிளம்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். கண் விழித்ததும் நீங்கள் இல்லையென்றால், தூங்கினால் அம்மா போய்விடுவாள் என்று அவனுக்குப் பதிந்துவிடும். பிறகு தூக்கத்தோடும் மல்லுக்கட்டுவான், உங்கள் மடியைவிட்டும் இறங்கமாட்டான்.

இது தூக்கிப் பழக்கியதால் வந்தது இல்லை. அழும்போது தூக்கியதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை. 1956இல் நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி தொடங்கிய நீண்ட ஆய்வில், சுமார் 15 சதவீதக் குழந்தைகள் புதியதைக் கண்டால் முதலில் ஒதுங்கி, மெல்லப் பழகுகிறவர்களாக இருந்தார்கள். உங்கள் மகனும் அந்த ரகம்தான் என்று தோன்றுகிறது. வயதும் சேர்ந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று இந்த வயதில் புரியும். சாயந்திரம் வருவாள் என்பது புரியாது. அந்த இடைவெளியில்தான் அழுகை.

வேலைக்குப் போகும் முதல் நாளே அவனை ஒப்படைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் மூன்று நான்கு நாள், பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தில் தினமும் அரை மணி நேரம் அக்கா வீட்டில் நீங்களும் உட்காருங்கள். அக்கா அவனைத் தூக்கப் போகக் கூடாது, கண்ணுக்குக் கண் பார்த்துக் கொஞ்சவும் கூடாது. தரையில் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கிண்ணமும் கரண்டியும் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கட்டும். அவனே தவழ்ந்து வரட்டும். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். வந்து பழகிய பிறகு, ஒரு வேளைச் சோறு அக்கா கையால் ஊட்டட்டும்.

அதன்பின் விட்டுப் பாருங்கள்: முதலில் ஐந்து நிமிடம், அடுத்து பதினைந்து, பிறகு ஒரு மணி, அரை நாள். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை: "அம்மா போயிட்டு வரேன்". ஒரு முத்தம், கையாட்டல், கிளம்பிவிடுங்கள். அழுகை கேட்டுத் திரும்பி வந்து மறுபடி விடைபெற்றால் அழுகை நீளும். ஒரு நாள் கூடுதலாக அழுதால், முந்தைய நாள் அளவுக்கே திரும்பிப் போங்கள்.

உங்கள் வாசனைக்காகப் பழைய துப்பட்டா ஒன்றை அக்காவிடம் கொடுக்கலாம், விழித்திருக்கும்போது மட்டும். தூளியிலோ படுக்கையிலோ அது வேண்டவே வேண்டாம். முகத்தை மூடினால் மூச்சு அடைக்கும்.

சாயந்திரம் உங்களைக் கண்டதும் உடைந்து அழுதால் பயப்படாதீர்கள். அடக்கி வைத்ததை நம்பிக்கையான மடியில் கொட்டுகிறான். முதல் இருபது நிமிடம் அடுப்பும் போனும் காத்திருக்கட்டும். அக்காவிடம் ஒட்டிக்கொண்டாலும் வருத்தம் வேண்டாம். குழந்தைக்கு இரண்டு மூன்று பேரிடம் பாசம் ஊன்றும், உங்கள் பங்கு குறையாது.

அவன் உங்களிடமும் ஆறுதல் தேடாமல் இருந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, மழலை ஒலியே இல்லாவிட்டாலோ, எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.