ரொக்கமாகக் கொடுப்பது பாதுகாப்பா, கிரெடிட் கார்டில் கொடுப்பது பாதுகாப்பா?

கார்டு எண்ணைத் திருடிவிடுகிறார்களே, பேசாமல் எல்லாவற்றுக்கும் ரொக்கமாகவே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் யாருக்கோ நடந்ததைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ரொக்கமும் திருடு போயிருக்கிறது, கார்டும் திருடு போயிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: திருட்டு என்று வந்தால் கிரெடிட் கார்டுதான் பாதுகாப்பு. டெபிட் கார்டைச் சொல்லவில்லை. அது வேறு கதை.

"கடனில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறீர்களா" என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் ஒன்று. மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்ட முடியாதவர்கள் கிரெடிட் கார்டு பக்கமே போக வேண்டாம், அந்த வட்டி ஆளைத் தின்றுவிடும். ஆனால் நீங்கள் கேட்டது திருட்டைப் பற்றி.

என் தம்பி ஒருமுறை ஆட்களுக்குக் கூலி கொடுக்க எடுத்த பணத்தோடு பஸ்ஸில் ஏறினான். இறங்கும்போது பையில் பிளேடு கிழிசல்தான் இருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தான். அங்கிருந்தவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள், ஆனால் எடுத்த நோட்டு இவனுடையது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. கைமாற்று வாங்கிக் கூலி கொடுத்தான்.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நடு இரவில் போனில் ஒரு மெசேஜ். என் கிரெடிட் கார்டில் ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் மிகச் சிறிய தொகை செலவாகியிருந்தது. "இவ்வளவுதானே, காலையில் பார்க்கலாம், தூங்கு" என்றார் கணவர். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தொகை சின்னதாக இருந்தாலும் கணக்கு இடித்தால் விடமாட்டேன். அதோடு, திருடிய கார்டு எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் சில்லறைத் தொகையைத்தான் போட்டுப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உடனே கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். பெர்சனல் லோன் வேண்டுமானால் இந்த எண்ணை அழுத்துங்கள், லிமிட்டை உயர்த்த அந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. பணம் திருடு போகிறது என்று அலறிக்கொண்டு கூப்பிடுகிறவரிடமா லோன் விற்பது? அது முடிவதற்குள் இரண்டாவது மெசேஜ் வந்துவிட்டது, இந்த முறை பெரிய தொகை. போனை வைத்துவிட்டு, வங்கியின் செயலியில் நானே கார்டை பிளாக் செய்தேன்.

அதன்பிறகு மறுபடி கூப்பிட்டபோது லைனில் வந்தவர் "ஓடிபியை யாரிடமாவது சொன்னீங்களா மேடம்" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். ஓடிபி வரவே இல்லை. வெளிநாட்டுத் தளங்கள் பல அதைக் கேட்பதில்லை, கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கார்டில் அச்சிட்டிருக்கும் சிவிவி என்ற ரகசிய எண்ணும் இருந்தால் போதும். இது அவர்களுக்குத் தெரியாதா? பறிகொடுத்தவரைக் குற்றவாளிபோல விசாரிக்கும் இந்தப் பழக்கம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இதே வங்கிதான் "யாரிடமும் விவரம் சொல்லாதீர்கள்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு "சரிபார்ப்புக்காக உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்" என்கிறது. வயதானவர்கள் எந்த அழைப்பை நம்புவார்கள், எதை நம்பமாட்டார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'இது என் செலவு இல்லை' என்று மறுப்புப் படிவம் எழுதி அனுப்பினேன். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை என் கார்டு பாக்கியிலிருந்து வங்கி தற்காலிகமாகக் கழித்துவைத்தது. பிறகு அது நிரந்தரமானது. புது எண்ணோடு புதுக் கார்டு வந்தது. இந்த நாட்களில் என் சம்பளக் கணக்கிலிருந்து காசு எதுவும் போகவில்லை, வாடகை வழக்கம்போலப் போனது. நான் சொல்ல வந்ததே இதைத்தான். வங்கியின் விசாரணை நடக்கும்போது யாருடைய பணம் வெளியே நிற்கிறது என்று பாருங்கள். கிரெடிட் கார்டில் வங்கியின் பணம். டெபிட் கார்டில் உங்கள் பணம், திரும்பி வரும்வரை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். ரொக்கத்தில் இப்படி மறுப்பு எழுதவே வழி கிடையாது.

சட்டங்களும் இதை ஒட்டித்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் அனுமதியில்லாத கிரெடிட் கார்டு செலவுக்கு வாடிக்கையாளர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 50 டாலர். தொலைந்த டெபிட் கார்டென்றால் 2 வேலை நாளுக்குள் சொல்லாவிட்டால் அது 500 டாலர் வரை போகும். நம் ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல் வெளியே நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் பொறுப்புதான். மெசேஜ் வந்த அன்றே கூப்பிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கடையில் கார்டைத் தேய்ப்பதற்குப் பதில் சிப் உள்ள பக்கத்தைச் செருகுங்கள். பின்பக்கக் கறுப்புப் பட்டை ஒவ்வொரு முறையும் ஒரே தகவலைத்தான் கொடுக்கும், அதை நகல் எடுக்கலாம். சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டை உருவாக்குவதால், பழையதைப் பிடித்து வைத்தாலும் உதவாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் செயலியிலேயே அதை அணைத்து வையுங்கள். சம்பளம் வரும் கணக்கின் டெபிட் கார்டு எண்ணை எந்த இணையதளத்திலும் போடாதீர்கள்.

ரொக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெட்வொர்க் படுத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும். போனால் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் பர்ஸில் வைத்திருங்கள். என் தம்பி இப்போது கூலியை ஆட்களின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுகிறான்.