படகில் லித்தியம் பேட்டரி: கேள்வி பதில்

கே: 34 அடிப் பாய்மரப்படகு. ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் வைத்தால் போதுமா? ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருவது) 55 ஆம்பியர்.

ப: போதாது. ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்ப, கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள்தடை குறைவு. கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் விழுங்கும். ஆல்டர்னேட்டரில் போட்டிருக்கும் 55, அது சூடேறாமல் வேகமாகச் சுற்றும்போது வருவது. இன்ஜின் மெதுவாக ஓடினால் அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். நங்கூரம் போட்டு, சார்ஜ் ஏறட்டும் என்று இன்ஜினைச் சும்மா ஓடவிடுகிறவர்களுக்குத்தான் இது முதலில் நடக்கும்.

ஆல்டர்னேட்டர் பழையபடி ஸ்டார்ட் பேட்டரியையே சார்ஜ் செய்யட்டும். அதிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (கரண்டை அளவோடு மட்டும் கடத்தும் கருவி) வழியாக லித்தியத்துக்குக் கொடுங்கள். அப்புறம், லித்தியத்தின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். இதை மறக்கவே கூடாது.

கே: 16 சதுர மி.மீ. கேபிள் போதுமா?

ப: நீளத்தைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? போக, வர இரண்டும் சேர்த்த நீளம் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருக்கட்டும்.

கே: இரண்டு வருடமாக ஆல்டர்னேட்டரை லித்தியத்தில் நேரடியாகத்தான் மாட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

ப: உங்கள் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) இன்னும் பேட்டரியைத் துண்டிக்கவில்லை, அவ்வளவுதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை ஆஃப் வழியாகத் திருப்பி நானே ஒரு ஆல்டர்னேட்டரின் டயோடுகளைத் தீய்த்திருக்கிறேன். போக இடமில்லாத கரண்ட், வோல்டேஜாக எகிறும். பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தாலும் அதே கதிதான்.

கே: அதே ஆள்தான். ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்த வெளி ரெகுலேட்டர் வைத்தால்?

ப: வெப்ப சென்சாரும், துண்டிக்கும் முன்பே பிஎம்எஸ்ஸிடமிருந்து எச்சரிக்கை வாங்கும் வசதியும் இருந்தால், சரி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

கே: ஒஸ்லோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் கரை மின்சாரத்தில் சார்ஜரை ஓடவிட்டு வைக்கலாமா?

ப: வேண்டாம். செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். போன கொள்ளளவு திரும்பாது. பாதி சார்ஜில் விட்டு, எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கே: எந்தக் கம்பெனி சோலார் பேனல்?

ப: கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. பூம் (பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கம்பு) நிழல் விழாத இடத்தைத் தேடுங்கள்.

கே: ஃபியூஸ் கட்டாயமா?

ப: மேலே படியுங்கள்.

கே: கையில் ஏஎன்எல் ஃபியூஸ் இருக்கிறது...

ப: மறுபடியும் ஃபியூஸா! லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். ஏஎன்எல் பொதுவாக 6,000 வரைதான் வெட்டும், டி-கிளாஸ் (Class T) ஃபியூஸ் 20,000. டி-கிளாஸ் வாங்குங்கள்.

கே: 400 ஆம்பியராகவே போட்டுவிடலாமா?

ப: ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை. கேபிள் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.