சேத்ரியின் தலையில் என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரி என்றால் உயிர். வயதுக்கு உயரம் குறைவு என்று வருத்தப்படுகிறான். சேத்ரியும் உயரமானவர் இல்லையே, ஹெட்டரில் (தலையால் அடித்து) அத்தனை கோல் எப்படிப் போட்டார்?
– வாசகி, தூத்தூர்

பதில்: சேத்ரியின் உயரம் 170 செ.மீ.தான். அவருடைய ஹெட்டர் கோல்களைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் டிஃபெண்டரின் (எதிரணித் தடுப்பு வீரரின்) முதுகுப் பக்கம் நிற்பார். பந்தைப் பார்க்கும் டிஃபெண்டருக்கு அவர் தெரியமாட்டார். கிராஸ் அடிப்பவர், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தை உயர்த்தி அனுப்புகிறவர், காலை ஓங்கும் நொடியில் பக்கத்துக் கோல் போஸ்டை நோக்கி இரண்டு மூன்று எட்டு பாய்வார். ஓடிவந்து ஒற்றைக் காலை ஊன்றி எழும்புகிறவர், நின்ற இடத்தில் எம்பும் நெட்டையரை முந்திவிடலாம். சீக்கிரமே ஓடிப்போய்ப் பந்துக்காகக் காத்து நிற்பதுதான் சிறுவர்கள் செய்யும் பெரிய தவறு. அங்கே உயரமானவனுக்குத்தான் லாபம்.

இந்த ஓட்டத்தைத் தலையே படாமல் பழகலாம். நீங்கள் பந்தை உயரத் தூக்கி எறியுங்கள்; அவன் ஓடிவந்து எழும்பி, உச்சத்தில் இரு கைகளாலும் பிடிக்கட்டும். முகத்துக்கு நேரே பிடித்தால் குதித்த நேரம் சரி. இறங்கும்போது பிடித்தால் முந்திவிட்டான்.

தலையால் அடிக்கும் பயிற்சியை அளவோடு வையுங்கள். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 10 வயது வரை ஹெட்டரையே தடை செய்துள்ளது. 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் வாரத்துக்கு 15–20 முறைக்கு மேல் கூடாது என்கிறது. அதையே பின்பற்றலாம். எடை குறைந்த பந்து, ஐந்து மீட்டர் தூரம், கையால் எறிந்தால் போதும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியில் பட வேண்டும். வாய் மூடி, கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து உடம்பை முன்னே வீச வேண்டும். கண்ணை மூடினால் பந்து உச்சந்தலையில் பட்டு மேலே போகும், வலியும் வரும். தலை வலித்தாலோ சுற்றினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

கேள்வி: மைதானத்துக்கு வாருங்கள் என்று சேத்ரி ரசிகர்களிடம் கெஞ்சினாரே, அது ஒரு கேப்டனுக்கு அழகா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை (தைவான் அணியை) இந்தியா 5-0 என வென்றது. சேத்ரி ஹாட்ரிக், மூன்று கோல். பார்த்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று வீடியோவில் கேட்டுக்கொண்டார். அடுத்து கென்யாவுடன் அவருடைய 100-வது சர்வதேச ஆட்டம்: மழையிலும் அரங்கம் நிறைந்தது, 3-0 வெற்றி, இரண்டு கோல் அவருடையவை. தனக்காகக் கேட்கவில்லை, அணிக்காகக் கேட்டார். கேப்டனுக்கு அதைவிட அழகு வேறென்ன?

கேள்வி: தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சேத்ரி திரும்பி வந்தது சரியா?
– வாசகர், கோவை

பதில்: 2024 ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 டிராவோடு விடைபெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல். 2025 மார்ச்சில், 40 வயதில் திரும்பி, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோல். அதுவும் ஹெட்டர்தான்! அவர் வந்ததில் தவறில்லை. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்புகள் பல, கோல் அடிக்கும் நடு ஃபார்வர்டு இடத்தை, அதாவது 9-ம் நம்பரை, வெளிநாட்டு வீரருக்கே தருகின்றன. நம் இளைஞர்கள் விங்கில் (மைதானத்தின் ஓரப் பகுதியில்) ஒதுங்குகிறார்கள். அந்த 9-ம் நம்பர் இடத்தில் வாரந்தோறும் ஆட வாய்ப்பில்லாதவரைத் தேசிய அணியில் மட்டும் கோல் அடி என்றால் எப்படி அடிப்பார்?